அண்ணன் நேரம் மூன்றரை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு வினாத்தாளும் கசியாமல் கட்டிக்காத்து ஓய்வுபெற்ற தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியும், இரண்டு நற்சான்றிதழ்களும் ஒரு சுவர்க் கடிகாரமும் பெற்றவருமான எங்கள் அண்ணன், தம் துணைவியாருடன் கடல் மார்க்கமாகப் புறப்பட்டு, வருகிற பதினான்காம் தேதி முற்பகல் துறைமுக நகரமொன்றில் கரையிறங்கி, அன்று மாலைவரை அந்நகரைப் பார்வையிடுவார். உறவினர்கள் வழியனுப்ப வரவேண்டியதில்லை.

இந்த அறிவிப்பு எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் கைப்படவே வெளியானது. இருபத்துமூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பெரியப்பா ஒருவர் கை தவறி இரங்கல் படத்தைப் போட்டுவிட்டார். அதை அழிக்கத் தெரியாமல், கீழே "எதுக்கும் இருக்கட்டும்" என்று எழுதினார்.

அறிவிப்பில் என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கப்பலில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்று கட்டில் போட்ட அறை. ஒரு கட்டில் சும்மா கிடப்பதை அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கட்டிலை நிரப்பவும், பெட்டி தூக்கவும், ஃபோனில் எழுத்துக் கூட்டி அடிக்கவும் தம்பி என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்? நான் போனேன்.

அறிவிப்பில் இல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. அந்தத் துறைமுக நகரத்தில்தான் அண்ணனின் ஒரே மகன் இருக்கிறான். அப்பாவும் பிள்ளையும் பேசி ஆறு வருடம் ஆகிறது. பொறியியல் படிக்கவைத்த பிள்ளை அங்கே போய் நிலத்தடி ரயில் ஓட்டுகிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டு, செய்தியை மறுநாள் சொன்னான். "பாதாளத்துல வண்டி ஓட்டறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று அண்ணன் ஃபோனில் கேட்டதுதான் கடைசிப் பேச்சு. வெளியில் யாராவது விசாரித்தால், "பையன் வெளிநாட்டுல போக்குவரத்துத் துறையில உயர் பதவி" என்பார். உயரம் என்னவோ தரைக்கு நாற்பதடி கீழே.

இப்போது ஒரு பேத்தியும் உண்டு. இரண்டு வயது. அண்ணி அவளை ஃபோன் திரையில் மட்டும் பார்த்திருக்கிறார், அதுவும் அண்ணன் குளிக்கப் போகிற நேரத்தில்.

கப்பல் பயணம் அண்ணியின் யோசனைதான் என்பது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. விளம்பரத் தாள்கள் பதினொன்றை வாங்கிவந்து மேஜையில் வைத்தார் அண்ணி. அந்த நகரத்தில் நிற்கிற கப்பல் அதில் ஒன்றே ஒன்று. அண்ணன் கட்டம் போட்டு, மதிப்பெண் வழங்கி, ஒரு வாரம் ஆராய்ந்தார். நாளுக்கு நாள் மேஜையில் தாள்கள் குறைந்துகொண்டே வந்தன. காணாமல் போனவை சமையலறையில் டப்பாக்களுக்கு அடியில் விரிந்து கிடந்ததை நான் பார்த்தேன். கடைசியில் அண்ணன் தன் சொந்த முடிவாக, மீதமிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றால் அது இறங்கிப் போவது. கப்பல் தானாகப் போய் அந்த ஊரில் நின்றால் அதற்கு அண்ணன் எப்படிப் பொறுப்பாவார்?

மேலே போவதற்கு முன், அண்ணன் நேரம் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும்.

தேர்வு மண்டபத்தின் கதவை நொடி பிசகாமல் சாத்தியவர் அண்ணன். சாத்திய கதவுக்கு வெளியே காய்ச்சலோடு வந்த பெண் நின்றிருக்கிறாள், பஸ் பழுதாகி ஓடிவந்த பையன் நின்றிருக்கிறான். "என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, விதி" என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. மணிக்கூண்டு தன் சேவைக் காலத்தில் கண்டறிந்த பேருண்மை, மனிதர்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்பது. ஆகவே வீட்டில் யாருக்கு எந்த நேரம் சொன்னாலும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்வார். ரயில் பத்துக்கு என்றால் ஒன்பது. டாக்டர் ஐந்துக்கு என்றால் நாலு. இதை வினாத்தாள் போல ரகசியமாகக் காத்துவந்தார்.

அந்த ரகசியம் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அண்ணி கல்யாணமான இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார். பிள்ளை கூட்டல் கணக்கு கற்றுக்கொண்டதே இப்படித்தான். அண்ணன் ஒன்பது என்று சொன்னதும், மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொண்டு, சாவகாசமாகக் காப்பி குடித்து, பத்துக்குப் போய் நிற்போம். "நல்லவேளை ஒன்பதுன்னு சொன்னேன். இல்லாட்டி பதினொண்ணுக்கு வந்திருப்பீங்க" என்று அண்ணன் தன்னையே மெச்சிக்கொள்வார். முப்பது வருடம் இரண்டு தரப்புக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

பிள்ளைக்கு அண்ணன் எழுதிய கடிதம் இது. தன் பெயர் அச்சிட்ட தாளில், பச்சை மையில் எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தார்.

"14ஆம் தேதி பிற்பகல் 3.30 மணிக்குத் துறைமுக வாயிலுக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் இருப்போம். கப்பல் 5.00 மணிக்குப் புறப்படும். வர வசதிப்பட்டால் வரவும். குழந்தையையும் அழைத்து வரலாம்."

கடைசி வரியை அண்ணி நாலு தடவை படித்தார். பிள்ளையிடமிருந்து "சரி" என்று பதில் வந்தது. ஆறு வருடத்துக்கு அது கொஞ்சம் சிக்கனம்தான். ஆனால் அண்ணி அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று கவுன் தைத்தார்.

மூன்று எதற்கு என்றால், அளவு தெரியாது. புகைப்படத்தில் குழந்தை ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "அது பெரிய நாற்காலியா, சின்ன நாற்காலியான்னு தெரியலையே தம்பி" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆகவே சின்னதாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பெரிதாக ஒன்று. மூன்றும் மஞ்சள், மூன்றிலும் கழுத்தைச் சுற்றிக் கையால் போட்ட பூ. கப்பலில் ஐந்து நாளும் அந்தப் பை அவர் தலையணைக்கடியில் இருந்தது.

பதினான்காம் தேதி முற்பகலில் நாங்கள் கரையிறங்கவில்லை. அறிவிப்பைக் கப்பல் படிக்கவில்லை போலிருக்கிறது. முதலில் துறைமுகத்தில் இடம் காலியாகவில்லை என்றார்கள். பிறகு இரண்டாயிரம் பேரையும் குழுக்களாகப் பிரித்து, நாடக அரங்கில் உட்காரவைத்து, சட்டையில் எண் ஒட்டினார்கள். எங்களுக்கு இருபத்தேழு. ஆயுள் முழுக்க மற்றவர்களை எண் பார்த்து உட்காரவைத்த அண்ணன், நெஞ்சில் இருபத்தேழை ஒட்டிக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டைக் கப்பல் அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டு, மாலை ஐந்து மணிவரை செல்லும் என்று ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைத் தந்தது. அதை எங்கள் கண்ணில் காட்டாமல் அண்ணன் ஆவணப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் கால் தரையில் பட்டபோது மணி பன்னிரண்டே கால்.

"நாலரைக்குக் கப்பல்ல ஏறிடணும்" என்று அண்ணன் அறிவித்தார். அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்தரை. நிறைய நேரம் இருக்கிறது.

துறைமுக வாயிலுக்குள் யாரும் நடக்கக் கூடாது. பெட்டி தூக்கும் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற இடம். கப்பலுக்கும் வாயிலுக்கும் கூப்பிடு தூரம்தான் என்றாலும், அவர்களுடைய பஸ்ஸில் ஏறித்தான் போகவேண்டும், வரவேண்டும். அந்த பஸ் எங்களை வாயிலில் கொட்டிவிட்டுத் திரும்பியது.

நகரத்தைப் பார்வையிட்டோம். தெருவுக்கு இருபது கடை. இருபதிலும் பாட்டிலுக்குள் கப்பல். ஒரு சதுக்கத்தில் கோபுரக் கடிகாரம் இருந்தது. அண்ணன் தன் கைக்கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டு, நான்கு நிமிடம் பின்தங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, பெருக்கிக்கொண்டிருந்த நகராட்சி ஊழியரிடம் சைகையில் முறையிட்டார். ஊழியர் பரிவோடு கேட்டுவிட்டு, கழிப்பறை இருக்கும் திசையைக் காட்டினார்.

அண்ணி கட்டடம் எதையும் பார்க்கவில்லை. எதிரே வருகிற குழந்தைகளின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு வயசு இருக்குமா தம்பி?"

"மூணு இருக்கும் அண்ணி."

"அப்ப பெரிய கவுன் வேண்டியிருக்காது." பத்தடி போனதும், "இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு வளந்திருந்தாலும் வளந்திருக்கும்" என்றார்.

மூன்று மணிக்கே தேநீர்க் கடைக்கு வந்துவிட்டோம். துறைமுக வாயிலுக்கு நேர் எதிரே, நாலு மேஜை, கோடு போட்ட துணிப் பந்தல். அறுபது வயதுக் கடைக்காரம்மா தனியாக நடத்துகிறார். எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது. ஆனால் டீ வந்தது. ரயில் நிலையத்துப் படிக்கட்டு தெருமுனையில் தெரிந்தது. அண்ணன் உட்காரவில்லை. படிக்கட்டைப் பார்த்தபடி, கழுத்தில் பைனாகுலரும் ஆவணப் பையுமாக நின்றார். பைனாகுலர் டால்பின் பார்ப்பதற்காக வாங்கியது. ஐந்து நாளில் பார்த்தது ஒரு மிதவை.

"இப்பவே ஏங்க நிக்கறீங்க? உக்காருங்க" என்றார் அண்ணி.

அண்ணன் உட்காரவில்லை. மூன்றரை ஆயிற்று. மூன்று நாற்பது. அண்ணியும் நானும் இரண்டாவது டீ சொன்னோம். மூன்று ஐம்பதுக்கு அண்ணன் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கேள்வித்தாள் கைக்கு வந்தும் ஒன்றும் தெரியாதவன் முகம்.

"வரமாட்டான் போலிருக்கு" என்றார்.

"அண்ணே, மணி இன்னும் நாலுகூட ஆகலை. வருவான்."

"மூன்றரைன்னுதானே எழுதினேன்?"

"ஆமா. அதான் நாலரைக்கு வருவான்."

"ஏன் நாலரை?"

நான் டீயைக் கலக்கினேன். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"சொல்லிடுங்க தம்பி" என்றார் அண்ணி.

"நீங்க சொல்ற நேரம் நிஜ நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இருக்கும்னு தெரியும்ணே."

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"பால்காரர் வரைக்கும்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நாளா?"

"கல்யாணமாகி ரெண்டாவது வாரத்துலேருந்து" என்றார் அண்ணி. "நீங்க சந்தோசமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை நான் சரியான நேரத்தைத்தான் எழுதினேன்."

அண்ணி கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"அவன் ரயில் ஓட்டறவன்" என்றார் அண்ணன். "அரை நிமிஷம் பிந்தினா கேள்வி கேப்பாங்களாம். புத்தகத்துல படிச்சேன். அவன்கிட்டப் போய் நான் எதுக்கு நேரத்தை மாத்திச் சொல்லணும்னு தோணிச்சு."

பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றி ஆறு வருடத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கேட்கவேண்டியவன் கேட்கவில்லை. கேட்ட இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

"அப்ப கப்பல்ல நாலரைக்கு ஏறணும்னீங்களே?" என்றார் அண்ணி.

"அதுவும் நாலரைதான். இந்த ஒரு நாளைக்கு எல்லாருக்கும் நிஜத்தையே சொல்லிடலாம்னு நெனச்சேன்."

ஆவணப் பையிலிருந்து கப்பல் தந்த தாளை எடுத்துக் காட்டினார். எங்களிடம் அதை அவர் காட்டுவதில்லை. தாள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஏறும் பாதை 4.30க்கு மூடப்படும். வாயிலிலிருந்து கடைசி பஸ் 4.10. முப்பது வருடம் பொய் சொல்லி ஒரு ரயிலையும் தவறவிடாத குடும்பம், ஒரு நாள் உண்மை பேசியதில் வந்து நின்ற இடம் இது.

எங்கள் ஃபோன் எதுவும் அந்த ஊரில் வேலை செய்யவில்லை. கடைக்காரம்மாவிடம் காதில் கை வைத்துக் காட்டி, அவர் ஃபோனை வாங்கிப் பிள்ளையின் எண்ணை அடித்தேன். மணி அடிக்கவில்லை. பதிவு செய்த ஒரு பெண் குரல் அந்த ஊர் பாஷையில் இனிமையாக நீளமாக ஏதோ சொன்னது. அண்ணன் ஃபோனை வாங்கி, முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"என்ன சொல்றா?" என்றார் அண்ணி.

"வந்துட்டே இருக்கானாம்" என்றார் அண்ணன்.

மறுபடி அடித்தோம். அவள் மறுபடி அதையே சொன்னாள். நிலத்துக்கடியில் ஓடுகிற ரயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த மணியும் கேட்காது என்பது எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும்.

நாலு மணிக்கு அண்ணி ஒரு முடிவுக்கு வந்தார். பையைத் திறந்து, கவுன்களைக் கடைக்காரம்மா முன்னால் வைத்து, என் ஃபோனிலிருந்த பேத்தி படத்தைக் காட்டினார். படத்தைத் தொட்டார், கவுனைத் தொட்டார், ரயில் நிலையப் படிக்கட்டைக் காட்டினார், பிறகு கடைக்காரம்மாவின் கையைப் பிடித்தார். எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. கடைக்காரம்மாவுக்கும் புரிந்தது. அவர் தன் ஃபோனை எடுத்து, தன் பேத்திகளின் படத்தைக் காட்டினார். அவருக்கு மூன்று பேத்திகள். சின்னது ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பெரியது ஒன்று. நடு கவுனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கழுத்துப் பூவைத் தடவிப் பார்த்து, கண் கலங்கி, அண்ணியைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"ஐயோ, இல்லம்மா" என்றார் அண்ணி, அந்த அணைப்புக்குள்ளிருந்து.

டீக்குக் கடைக்காரம்மா காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அழுகிற ஒருத்தியிடமிருந்து கவுனைத் திருப்பிப் பிடுங்குவது எப்படி என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. "இருக்கட்டும் விடு" என்றார் அண்ணன். எது இருக்கட்டும் என்று சொல்லவில்லை.

நாலு எட்டுக்கு வாயிலில் கையில் பலகை பிடித்த ஒரு பெண் வந்து நின்று, இருபத்தேழு இருபத்தேழு என்று எங்கள் நெஞ்சைப் பார்த்துக் கூவினாள். பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் வரலை. நீங்க போங்க" என்றார் அண்ணி.

"பாஸ்போர்ட் கப்பல்ல இருக்கு. இந்தச் சீட்டு அஞ்சு மணி வரைக்கும்தான்."

"அஞ்சுக்கு அப்பறம் என்ன பண்ணுவாங்க? தூக்கிக் கடல்ல போட்டுடுவாங்களா?"

"உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார் அண்ணன் மெதுவாக. "அவனைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவன் இங்க வேலை பாக்கறவன்."

அண்ணி எழுந்து பஸ்ஸில் ஏறினார். ஏறும்வரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்ததில், பஸ் படியில் கால் தடுக்கியது.

கப்பலின் பதினோராம் தளத்திலிருந்து பார்த்தால் துறைமுக வாயில், கோடு போட்ட பந்தல், தெருமுனைப் படிக்கட்டு எல்லாம் பொம்மைக் கடை மாதிரித் தெரிகிறது. கம்பிப் பிடியில் முழங்கையை ஊன்றி, அண்ணன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எங்களைச் சுற்றிலும் பயணிகள் கையில் பழரசத்தோடு கரைக்கு விடைகொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டான்" என்றார் அண்ணன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பைனாகுலரை வைத்தார்.

"நாலு முப்பது. ஒரு நிமிஷம் பிசகலை பாரு."

அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் முன்பு ஒருதடவைதான் கேட்டிருக்கிறேன். சுவர்க் கடிகாரம் வாங்கிய அன்று. அடுத்த நொடி பைனாகுலரை அண்ணி கையில் திணித்துவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். மின்தூக்கி வந்தது, நிறைய ஈரத் துண்டுகளோடு மனிதர்கள் இருந்தார்கள், போய்விட்டது. படியில் இறங்கினோம். பதினோரு மாடி. அறுபத்து மூன்று வயது மணிக்கூண்டு இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் போவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

கீழே இரும்புக் கதவு சாத்தியிருந்தது. முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு இளம் அதிகாரி. பக்கத்தில் எங்கள் பாஷை பேசுகிற ஊழியர் ஒருவர். கரைக்கு இறங்கும் பாலம் வெளியே இன்னும் அப்படியேதான் இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"பத்து நிமிஷம்" என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "என் பையன் வாசல்ல நிக்கறான். குழந்தையைக் காட்டிட்டுப் போயிடுவான். பத்து நிமிஷம் போதும்."

ஊழியர் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பணிவாகத் தலையசைத்தார், ஏதோ சொன்னார். ஊழியர் எங்களிடம் திரும்பி, தர்மசங்கடமாகச் சிரித்தார்.

"அவரால ஒண்ணும் பண்ண முடியாதாம் சார். விதியாம்."

அண்ணன் வாதாடவில்லை. யார் வாதாடினாலும் நான் எதிர்பார்த்திருப்பேன், அவர் ஒருவர்தான் வாதாட முடியாது. "சரி" என்றார். திரும்பி, ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தார்.

நாங்கள் மேலே வந்தபோது அண்ணி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் கப்பலின் நீலத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாக்கறானா?" என்றார் அண்ணன்.

"பாக்கறான். ஆனா நம்மளை இல்லை."

கப்பல், பயணிகள் எல்லாருக்கும் நீலத் துண்டு கொடுத்திருந்தது. எட்டாம் தளத்தில் யாரோ ஒரு அம்மாள் உற்சாகமாக நீலத் துண்டை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கையாட்டுகிறான். குழந்தையைத் தோளில் தூக்கி, அதன் கையையும் பிடித்து ஆட்டுகிறான். அந்த அம்மாள் பறக்கும் முத்தம் கொடுக்கிறாள். பக்கத்தில் மருமகள், வெயிலுக்குக் கையைக் குடை பிடித்து, எல்லா மாடியையும் எண்ணுகிறாள்.

"கடைக்காரம்மா கடையைச் சாத்தறாங்க" என்றார் அண்ணி. "பை கையில இருக்கு. நம்ம பையன்கிட்டதான் வராங்க. தம்பி, அவங்ககிட்டதான் வராங்க." துண்டை ஆட்டுவது நின்றது. "பாப்பா கன்னத்தைக் கிள்ளிட்டு, பையோட போயிட்டாங்க."

பைனாகுலரை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தார்.

"நடு கவுன்தான் சரியா இருந்திருக்கும்."

நான் மறுபடி கீழே ஓடி, ஐந்தாம் தளத்து வரவேற்பு மேஜையில் இணைய இணைப்புக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேர், எல்லாருக்கும் அப்போதுதான் படம் அனுப்பவேண்டியிருந்தது. முறை வந்து, இணைப்பு வந்தபோது, பிள்ளை 4.41க்கு அனுப்பிய செய்தி காத்திருந்தது. "சித்தப்பா, அப்பா நேரத்துல ஒரு மணி நேரம் கூட்டித்தான் வந்தேன். டீக்கடையில யாரும் இல்லை. கப்பல்ல ஏறிட்டீங்களா? எந்த மாடி?" அடுத்தது 5.20க்கு. "அம்மாவைப் பாத்துட்டோம்னு நெனைக்கிறேன். முத்தம் குடுத்தாங்க. பாப்பாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு, கெளம்பறோம். கப்பல் எந்த நிமிஷமும் போயிடும்ல. அப்பாகிட்ட சரியான நேரத்துக்கு வந்தேன்னு சொல்லுங்க."

மணி ஐந்து முப்பத்தைந்து. மேலே போய் இரண்டையும் அண்ணனிடம் காட்டினேன். படித்தார். அண்ணி கேட்டதும், இரண்டாவதை மட்டும் சத்தமாகப் படித்தார். "அம்மாவைப் பாத்துட்டோம்" என்ற இடத்தில் நிறுத்தி, மேலே படித்தார்.

படிக்கட்டுக்கு அருகில் இப்போது யாரும் இல்லை. பந்தலை மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் கப்பல் தலைவர் பேசினார். எரிபொருள் படகு வருவதில் சிறு தாமதம், பயணிகள் பொறுத்தருள வேண்டும், ஏறும் பாதை பாதுகாப்பு கருதி மூடியே இருக்கும். ஆறு மணிக்கு மறுபடி பேசினார். ஏழு மணிக்கும்.

மூவரும் அங்கேயே நின்றோம். அண்ணி துண்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். அண்ணன் குடும்பக் குழுவுக்கு அன்றைய அறிக்கையை எழுதச் சொன்னார். நகரம் பார்வையிடப்பட்டது, பிள்ளை குடும்பத்தோடு வந்திருந்தான் என்று அடித்தேன். கப்பல் கிளம்பிய நேரத்துக்கு ஐந்து மணி என்று போடச் சொன்னார்.

கப்பல் கிளம்பியது ஏழு நாற்பதுக்கு.